சித்தப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு 52,000 தகுமா?

கேள்வி:

வணக்கமுங்க. எனக்கு ஊர் சென்னிமலைப் பக்கம். பெருந்துறை சிப்காட்டுல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. போக வர 36 கிலோமீட்டர். இதுவரைக்கும் சிநேகிதன் வண்டியில போயிட்டிருந்தேன், அவன் வேலையை விட்டுட்டான். எங்க சித்தி வீட்டுல (அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி) ஒரு ஸ்ப்ளெண்டர் பிளஸ் நிக்குதுங்க. 2018 ஜூலைல ரிஜிஸ்டர் பண்ணுனது, மீட்டர்ல 19,000 காட்டுது. சித்தப்பா தவறி ஒன்றரை வருசம் ஆச்சு. அன்னைலிருந்து வண்டிய யாரும் எடுக்கல, தாழ்வாரத்துலயே நிக்குது. சித்தி 52,000 சொல்றாங்க. ஆர்.சி. இன்னும் சித்தப்பா பேர்லதான். அதுல பைனான்ஸ் பேரும் இருக்கு, கடன் எப்பவோ கட்டி முடிச்சாச்சுங்கறாங்க. இன்சூரன்ஸ் இல்ல. ஒரு புரோக்கர் வந்து, "நாப்பதாயிரம் தர்றேன், கையெழுத்தெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஈரோட்டுல ஒரு கன்சல்டிங்ல (பழைய வண்டி விக்கற கடை) 2016 ஸ்ப்ளெண்டர் ஒண்ணு இருக்கு, 46,000 கிலோமீட்டர், ரெண்டாவது ஓனர், 38,000 சொல்றாங்க. எங்கிட்ட இருக்கறது 40,000. மீதிய வார வட்டிக்கு வாங்கிக்கலாம், ஒறம்பரைக்குள்ள (சொந்தக்காரங்களுக்குள்ள) பேரம் பேசக் கூடாதுங்கறாங்க அம்மா. நான் என்ன பண்ணட்டுமுங்க?

பதில்:

தம்பி, விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். 52,000 அதிகம். இன்றைக்கு நிற்கிற நிலையில் அந்த வண்டிக்கு 34,000 கொடுக்கலாம். கீழே சொல்கிறபடி பேப்பரும் வண்டியும் தேறினால்தான் அதுவும். முழுப் பணத்தைக் கொடுப்பது ஆர்.சி. சித்தி பெயருக்கு மாறிய பிறகு. அதுவரைக்கும் அட்வான்ஸ் என்று ஐயாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

சித்தி 52,000 சொல்வதில் பேராசை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புது வண்டி விலையை யாரிடமாவது விசாரித்திருப்பார். அதில் பாதிக்கு மேலே வைத்திருப்பார். அந்தப் புது வண்டி விலையே இப்போது இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு சேர்த்து ஷோரூம் விலை 80,000 என்று இருந்த வண்டி, இந்தக் குறைப்பால் மட்டும் 73,750க்கு வந்துவிடும். புதுசு ஆறாயிரம் இறங்கினால் பழசும் இறங்கத்தான் வேண்டும். விற்கிறவர்களில் பலர் இன்னும் அதற்கு முந்தைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பழைய வண்டிக்குப் பேசினாலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது மீட்டர். 19,000தானே ஓடியிருக்கிறது, புதுசு மாதிரிதானே என்று சித்தி நினைக்கிறார், நீங்களும் நினைக்கிறீர்கள். மீட்டரை நான் சந்தேகப்படவில்லை. ஆறு வருடத்தில் 19,000 என்றால் வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். உள்ளூருக்குள்ளேயே போய்வந்தவருக்கு அது பொருந்துகிற ஓட்டம். ஆனால் ஓட்டம் குறைந்த வண்டி வேறு, ஓட்டாமல் போட்ட வண்டி வேறு. தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய 46,000 கிலோமீட்டர் வண்டி, ஒன்றரை வருடம் ஒரே இடத்தில் நின்ற 19,000 கிலோமீட்டர் வண்டியைவிட நன்றாக இருந்து பார்த்திருக்கிறேன்.

காரணம் இதுதான். இன்ஜின் நிற்கும்போது சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கிற ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து கீழே இறங்கிவிடும். மழைக்காலத்து ஈரம் அந்தச் சுவரில் துருவாகப் படியும். பிஸ்டன் ரிங் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கார்பரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போய், அடியில் பிசின் மாதிரி ஒரு படலம் தங்கும். பெட்ரோல் போகிற ஜெட்டின் சின்ன ஓட்டையை அடைக்க அது போதும். இப்போது நாம் போடுகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுப்பதால் டேங்க் உள்ளே துருப் பிடிக்கும். பேட்டரி செத்திருக்கும். டயர் ஒரே பக்கம் அழுந்தி நின்று, பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். ஒரு போகம் முழுக்கப் போடாமல் விட்ட கிணற்று மோட்டார் அடுத்த போகத்தில் ஜாம் ஆகி நிற்பதைத் தோட்டங்காட்டில் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே கதைதான். இவ்வளவும் சரிசெய்யக் கூடியவை. ஆனால் அந்தச் செலவு விலையிலிருந்து கழிய வேண்டும்.

இனி பேப்பர். இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். இன்ஜின் கெட்டால் இரண்டு நாளில் இறக்கி ஏற்றிவிடலாம். ஆர்.சி. சிக்கினால் வருடக் கணக்கில் இழுக்கும்.

உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டி தானாக மனைவி பெயருக்கு வந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவின்படி வாரிசு ஒருவர் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இருப்பது படிவம் 31. இறந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை; உங்கள் சித்திக்கு அது தாண்டிவிட்டது. துக்க வீட்டில் யாருக்கு இது ஞாபகம் வரும்? தாண்டினாலும் வழி அடைந்துவிடவில்லை. தாமதத்துக்கு என்ன கட்ட வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் கேட்டுக் கட்டிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் ஆபீஸிலிருந்து வரும். அது பேங்க் பணத்துக்கும் நிலத்துக்கும்கூட வேண்டிய பேப்பர் என்பதால் வண்டிக்காகத் தனியாக அலைவதாக நினைக்க வேண்டாம்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளோடு இறந்தவரின் அம்மாவும் முதல் நிலை வாரிசு. சித்தப்பாவின் அம்மா இருக்கிறார் என்றால் அவருடைய சம்மதமும் வேண்டும். கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே உரிமை உண்டு. அத்தனை பேரும் "சித்தி பெயருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பின்னால் ஒருவர் வந்து "எங்களைக் கேட்காமல் எப்படி விற்றீர்கள்?" என்று நிற்க மாட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் அதைக் கேட்பார்கள்.

படிவம் 31-உடன் நடப்பு இன்சூரன்ஸும் காட்ட வேண்டியிருக்கும். ஆன்லைனில் சித்தப்பா பெயரிலேயே ஒரு பாலிசி போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம் தம்பி. இறந்துபோனவர் பெயரில் எடுத்த பாலிசி, நாளைக்கு ஒரு விபத்து என்று வந்தால் கைகொடுக்காது. வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு சித்தியே இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளைக்குப் போய், உள்ளதைச் சொல்லிப் பாலிசி போடட்டும். துணைக்கு நீங்கள் போங்கள்.

அப்புறம் அந்தப் பைனான்ஸ் பெயர். நம் பக்கம் பைனான்ஸில் எடுக்காத வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடனைக் கட்டி முடித்த அன்றைக்கே என்.ஓ.சி. (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கி ஆர்.சி.யில் ஹெச்.பி.யை, அதாவது வண்டி பைனான்ஸில் இருக்கிறது என்ற குறிப்பை, எடுத்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசித் தவணை கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். "கட்டி முடிச்சாச்சு" என்று சித்தி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடன் கணக்கு சித்தப்பாவுக்குத்தான் தெரியும். பைனான்ஸ் ஆபீஸில் கடன் நம்பரைக் கொடுத்துக் கணக்கு முடிந்ததா என்று கேளுங்கள். முடிந்திருந்தால் என்.ஓ.சி.யும், ஹெச்.பி.யை எடுப்பதற்கு அவர்கள் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் தருவார்கள். இரண்டு தவணை பாக்கி என்று தெரியவந்தால், அந்தத் தொகையை நீங்களே நேராகப் பைனான்ஸில் கட்டி ரசீது வாங்கி, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஹெச்.பி. நிற்கிற வரைக்கும் பைனான்ஸின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது.

இதற்கெல்லாம் முன்னால், செலவில்லாமல் ஒரு வேலை செய்யலாம். பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பைனான்ஸ் யார், இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, ஆர்.சி. எந்த வருடம் வரை செல்லும் என்பதெல்லாம் வரும். இ-செலான் பக்கத்தில் பாக்கி அபராதமும் தெரியும். 2018 ஜூலை வண்டி என்றால் 15 வருடக் கணக்கில் ஆர்.சி. 2033 ஜூலை வரை இருக்க வேண்டும். அப்படியே சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். சேஸ் நம்பர் ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் குத்தியிருக்கும், இன்ஜின் நம்பர் இன்ஜின் கேஸின் கீழ்ப்பக்கம். அழுக்கைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள். சொந்தக்காரர் வண்டி என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம். ஆர்.சி.யிலேயே ஒரு எண் தப்பாக அச்சாகியிருந்தால் பிறகு அலையப்போவது நீங்கள்தான்.

அந்தப் புரோக்கர் விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. "கையெழுத்தெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் என்ன அர்த்தம்? விற்பவர் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் 29, 30. அவற்றில் இறந்துபோன மனிதருடைய கையெழுத்தை வேறொருவர் போடுவார், அல்லது பெயரே மாற்றாமல் வண்டியைக் கைக்குக் கை தள்ளிவிடுவார்கள். முதலாவது போர்ஜரி. இரண்டாவதில் வண்டி எங்கே இருக்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று சித்திக்கே தெரியாது. இன்சூரன்ஸ் இல்லாத அந்த வண்டி எங்கோ ஒரு ஆளை அடித்துப் போட்டால், இழப்பீட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல்தான் வரும். வண்டியை விற்றுக் கொடுத்துவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையாளர் உயிரோடு இல்லையென்றால் நோட்டீஸ் வாரிசுகளைத் தேடி வீட்டுக்கு வரும். நீங்கள் வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி, இதைச் சித்தியிடம் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். கையில் நாற்பதாயிரம் வருகிறதே என்று அவர் கொடுத்துவிடக் கூடாது.

பேப்பர் வழி புரிந்ததும் வண்டிக்கு வாருங்கள். இன்சூரன்ஸ் இல்லாததால் ரோட்டில் ஏற்ற வேண்டாம். பிடிபட்டால் முதல் முறையே 2,000 அபராதம், யாரையாவது இடித்துவிட்டால் அதற்குக் கணக்கே இல்லை. உங்கள் ஊர் மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் ஒரு குட்டியானை பிடித்து வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிப் போங்கள். அந்த வாடகையை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

போனதும் கிக்கரை உதைக்க வேண்டாம். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். காய்ந்த சிலிண்டரில் துருவோடு ரிங் உரசினால், இல்லாத கேடும் வந்து சேரும். முதலில் சீட்டையும் சைடு கவரையும் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஒன்றரை வருடம் நின்ற வண்டியில் எலி குடியிருக்காமல் இருந்தால் அதிசயம். ஏர் பில்டர் பெட்டிக்குள் பஞ்சும் தேங்காய் நாரும் கிடக்கும், ஒயர்களைக் கடித்து வைத்திருக்கும். ஒயரிங் செட்டை மாற்ற வேண்டி வந்தால் 2,000 தனி.

பிறகு டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக் கூடாது. மேல் சுவர் பளபளப்பாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். இரண்டு தகடும் சேர்கிற அடி ஓரத்தில்தான் தண்ணீர் தங்கும், துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும். லேசான காவிப் பொடி என்றால் கழுவிவிடலாம். செதில் செதிலாக உரிந்திருந்தால் டேங்க் மாற்ற வேண்டும், விலையில் நாலாயிரம் கழியும்.

பழைய பெட்ரோலை முழுக்க இறக்கி, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவிடச் சொல்லுங்கள். அரைமணி நேரம் கழித்து, பிளக்கைப் போடாமலே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கேயாவது கரகரவென்று பிடித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சிலிண்டர் பிளாக்கை இறக்கிப் பார்க்காமல் அந்த வண்டிக்கு விலை பேசக் கூடாது. வழுக்கி இறங்கினால் பாதிப் பயம் போயிற்று.

அடுத்து ஆயில். ஆயில் குச்சியைக் கழற்றி அதன் நுனியையும் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் ஈரம் சேர்ந்திருக்கிறது. பக்கத்துக் கடை வரைக்கும் மட்டும் ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடாகாமலே நிற்கிற வண்டிகளில் இது சகஜம். கொஞ்சமாக இருந்தால் பழைய ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை மாற்றினால் சரியாகிவிடும். இறக்கிய ஆயிலை ஒரு தட்டில் வெயிலில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பொடி மாதிரி மின்னினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது.

புது ஆயிலோடு ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடம் நீலப் புகை வரும். அது பிளக் ஓட்டையில் விட்ட ஆயில் எரிவது, பயப்பட வேண்டாம். கால் மணி நேரம் ஓடிய பிறகும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கிறது. ஆறாயிரம் வரைக்கும் வேலை, அதை விலையில் கழித்தே பேசுங்கள்.

முன் போர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் குழாய்) நான் எப்போதும் ஒன்று செய்வேன். பளபளவென்று இருக்கிற அந்தக் குழாயில் விரல் நகத்தை மேலிருந்து கீழே மெல்ல ஓட்டிப் பார்ப்பேன். நின்ற வண்டியில் ஈரம் பட்டு, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத துருப்புள்ளி விழுந்திருக்கும். நகம் எங்கேயாவது தட்டினால் அந்தப் புள்ளி புது ஆயில் சீலையும் ஒரு மாதத்தில் அறுத்துவிடும். சீல் மாற்றுவது சின்னச் செலவு, குழாய் மாற்றுவது பெரிய செலவு. நகம் தட்டினால் இரண்டாயிரமாவது குறைத்துப் பேசலாம்.

அடி பட்ட வண்டியா என்று கண்டுபிடிக்க ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, கழுத்தில் அது போய் முட்டுகிற இரும்புத் துண்டைக் குனிந்து பாருங்கள். பெயின்ட் லேசாகத் தேய்ந்திருப்பது சாதாரணம். அந்தத் துண்டு நசுங்கியோ வளைந்தோ இருந்தால் வண்டி முன்பக்கமாக எங்கோ பலமாக மோதியிருக்கிறது. ஹெட்லைட் டூமும் டேங்கும் மாற்றிப் புதுப் பெயின்ட் அடித்தாலும் இந்த இடத்தை யாரும் சரி செய்வதில்லை. சித்தப்பா கவனமான ஆள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கலாம், இருந்தாலும் பாருங்கள். ஈரோட்டு வண்டியிலும் முதலில் இதைப் பாருங்கள்.

டயர் விஷயத்தில் கருணை காட்ட வேண்டாம். பக்கச் சுவரில் வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருடம் 23வது வாரம் செய்தது. பட்டன் (டயர் மேலே இருக்கிற ரப்பர் கட்டை) முழுசாக இருந்தாலும் ஏழு வருட ரப்பர் மழையில் பிடிக்காது. நீங்கள் இரவு ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து லாரிகளுக்கு நடுவே வரப்போகிறவர். இரண்டு டயரையும் மாற்றிவிட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும்.

இப்போது கணக்கு. டயர் இரண்டும் 3,800. பேட்டரி 1,300. ஆயில், பிளக், ஏர் பில்டர் 900. கார்பரேட்டர், டேங்க் கழுவ 600. போர்க் சீலும் ஆயிலும் 800. பிரேக் ஷூ முன்னும் பின்னும் 600. ஆக 8,000, வேறு எதுவும் கெடவில்லை என்றாலும் இது ஆகிற செலவு. இன்சூரன்ஸ், ஹெச்.பி. எடுப்பது, இரண்டு முறை பெயர் மாற்றுவது (முதலில் சித்திக்கு, பிறகு படிவம் 29, 30 போட்டு உங்களுக்கு) எல்லாம் சேர்த்து 4,000 வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடுகிற, பேப்பர் சுத்தமாக இருக்கிற இதே வருடத்து ஸ்ப்ளெண்டருக்கு நான் 46,000 மதிப்பு வைப்பேன். அதில் 12,000 போனால் 34,000. பேப்பர் செலவைச் சித்தியே ஏற்றுக்கொண்டால் 38,000 கொடுங்கள். செயின் செட் தேய்ந்திருந்தால் 1,400 கழியும். பின் பல்சக்கரத்தின் நடுவில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்கு எழும்பினால் தேய்ந்துவிட்டது.

ஒறம்பரைக்குள்ளே பேரம் கூடாது என்று அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது. புருஷனை இழந்த தங்கையிடம் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் வாயாட அவருக்கு மனம் வராது, வரவும் வேண்டாம். நீங்களும் பேரம் பேச வேண்டாம். மெக்கானிக்கை வைத்துப் பார்த்த செலவை ஒரு தாளில் எழுதச் சொல்லி, பேப்பர் செலவையும் கீழே சேர்த்து, அம்மாவையும் கூட்டிப் போய் சித்தி கையில் கொடுங்கள். "இது வண்டிக்கு ஆகிற செலவு சித்தி, மீதியை நான் உங்களுக்குத் தர்றேன்" என்று சொன்னால் போதும். உடனே பதில் கேட்காதீர்கள். மகனிடமோ மருமகனிடமோ காட்டி வேறு பட்டறையிலும் விசாரித்துக்கொள்ளட்டும். உறவுக்காரர் என்று 52,000 கொடுத்து வாங்கி, மூன்றாம் மாதம் பேட்டரி, டயர், டேங்க் என்று செலவு வரும்போது உங்களுக்கு வருகிற மனவருத்தம்தான் உறவைக் கெடுக்கும்.

வார வட்டிக்கு மட்டும் போகாதீர்கள். பத்தாயிரம் என்று பேசி எட்டரையைக் கையில் கொடுத்து, வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் வாங்கினால், எட்டரை ஆயிரத்துக்கு இரண்டரை மாதத்தில் ஒன்றரை ஆயிரம் வட்டி. பழைய வண்டிக்கு அந்த வட்டி கட்டக் கூடாது. உங்களிடம் இருக்கிற 40,000-ல், ஆர்.சி. சித்தி பெயருக்கு மாறியதும் அவருக்கு அட்வான்ஸையும் சேர்த்து முதலில் 28,000 கொடுத்து, 12,000-ஐ வண்டிக்கும் பேப்பருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 6,000-ஐ இரண்டு சம்பளத்தில் தருவதாகக் கேளுங்கள். உறவு கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு தாளில் வண்டி நம்பர், சேஸ் நம்பர், பேசிய விலை, கொடுத்தது, பாக்கி, வண்டியை எடுத்த தேதி, நேரம் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நேரம் எழுதுவது முக்கியம், அதற்கு முன்னால் நடந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதற்கு அது சாட்சி.

உங்கள் பெயருக்கு ஆர்.சி. மாறுகிறபோது நாமினி பெயரையும் பதிந்துவிடுங்கள். 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது. அம்மா பெயரைக் கொடுத்தால், சித்தி படுகிற இந்த அலைச்சலில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக்கு வராது.

ஈரோட்டு வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 என்றால் ஆர்.சி. 2031 வரை. 38,000 கொஞ்சம் அதிகம். நன்றாக இருந்தால் 31,000, 32,000 வரை போகலாம். காலையில் கடை திறக்கிற நேரத்துக்குச் சொல்லாமல் போய், முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறட்டும், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். 46,000 என்பது உண்மையா என்று பிரேக் பெடல், கிக்கர், புட்ரெஸ்ட் ரப்பர்களும் சாவித் துவாரமும் சொல்லும். பைனான்ஸ்காரர் சீஸ் செய்த வண்டியா என்று நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் பைனான்ஸின் பேப்பர் முழுக்கக் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

இரண்டில் எது என்றால், டேங்கும் கிக்கரும் தேறினால் சித்தியின் வண்டிதான். ஒரே கை ஓட்டிய வண்டி, அந்தக் கை யாருடையது என்றும் உங்களுக்குத் தெரியும். பேப்பர் வேலைக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், அதுவரை பஸ்ஸில் போய் வாருங்கள். சித்தி 42,000-க்குக் கீழே வர முடியாது என்று சொல்லிவிட்டால் வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள். அப்போதும் வாரிசுச் சான்றிதழ், என்.ஓ.சி., படிவம் 31 வேலைகளை அவரோடு கூட இருந்து முடித்துக் கொடுங்கள். பேப்பர் சுத்தமாகிவிட்டால் அந்த விலை கொடுக்க வேறு ஆள் அவருக்குக் கிடைப்பார்.